கூட்டத்துக்கு மேலே ட்ரோன்: யாருடையதுன்னு போலீஸுக்கு ஏன் தெரிவதில்லை?

வைகாசி கருட சேவை. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் முன்னாடி கூட்டம். மேலே ஒரு ட்ரோன் சுத்துதுன்னு வைங்க. யாருடையது? ரிமோட்டோடு நிற்பவரைக் கூட்டத்துக்குள் தேடுறதுதான் போலீஸுக்கு இருக்கும் வழி.

சட்டம் இல்லாமல் இல்லை. 2021 ஆகஸ்ட்டில் வந்த ட்ரோன் விதிகள்படி, பதிவு செய்து தனி அடையாள எண் வாங்கணும். மீறினால் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். பைக்குக்கு நம்பர் பிளேட் மாதிரிதான். ஆனா 300 அடி உயரத்தில் அதை யார் படிப்பது?

அமெரிக்காவில் பதிவு தேவைப்படும் ட்ரோன்கள், பறக்கும்போதே தங்கள் அடையாளத்தை ரேடியோ சிக்னலாக அனுப்பணும். 2024 மார்ச் 16 முதல் இதில் கறார். நம் விதிகளிலும் நேரலைக் கண்காணிப்பு பற்றி ஒரு பிரிவு உண்டு. ஆனா அதை மத்திய அரசு பின்னால் அறிவிக்கலாம், அறிவித்தாலும் குறைந்தது 6 மாதம் அவகாசம் தரணும் என்றுதான் இருக்கு.

விளைவு, பதிவு செய்த கல்யாண வீடியோகிராஃபர் சுலபமா மாட்டுவார். பதிவே செய்யாதவர் ட்ரோனை பேக்கில் போட்டுக்கிட்டுக் கிளம்பிடலாம்.

பக்கத்துப் பரந்தூரில் விமான நிலையம் இயங்க ஆரம்பித்தால் தலைவலி கூடும். அதன் எல்லையிலிருந்து 8 கி.மீ.க்குள் அனுமதியில்லாமல் பறக்கவே கூடாது. 8 முதல் 12 கி.மீ. வரை 200 அடிதான் வரம்பு.