பெயர் வந்த மரம், பாதுகாப்பு வராத குன்று

கிளந்தான், குவா மூசாங்கின் ரெலாய் வனக் காப்பகத்தில், சுண்ணாம்புக் குன்றின் மேல் வளரும் ஒரு மரத்துக்கு 2018-ஆம் ஆண்டில்தான் அறிவியல் பெயர் கிடைத்தது. 'வாட்டிகா நஜிபியானா' எனப்படும் அது, மெராந்தி, செங்கால் மரங்களின் குடும்பத்தைச் சேர்ந்தது. இவ்வகை மரங்களை மலாய் மொழியில் ரெசாக் என்பார்கள்.

அப்போது இம்மரம் இரண்டே இடங்களில்தான் பதிவாகியிருந்தது. மற்றோர் இடம் திரெங்கானு, கெனீர் பகுதியிலுள்ள தாமான் நெகாரா. அது தேசியப் பூங்கா என்பதால் அங்கு வெட்டுமரத் தொழிலுக்கு இடமில்லை. ரெலாயில் நிலைமை வேறு. நெருங்கி வரும் செம்பனைத் தோட்டங்களும் மரவெட்டும் தொடர்ந்தால் கிளந்தானில் இம்மரம் அழிந்துவிடும் என, அதை விவரித்த ஆய்வாளர்களே எச்சரித்தனர்.

வனக் காப்பகத்தில் மரம் வெட்டலாமா? உரிமம் இருந்தால் வெட்டலாம். 1984 தேசிய வனச் சட்டம் அதற்கு இடமளிக்கிறது. நிலமும் காடும் மாநில அதிகாரத்துக்கு உட்பட்டவை. மரத்தால் வரும் வருமானமும் மாநிலத்துக்கே. காப்பகத் தகுதியை நீக்குமுன் பொது விசாரணை நடத்த வேண்டும் என்று 2022-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. ஆனால் அத்திருத்தம் வெட்டு உரிமங்களைத் தடுக்காது.

வழி அதே சட்டத்தில் இருக்கிறது. மாநில அரசு ஒப்புதல் அளித்தால், குன்றையும் அதன் அடிவாரத்தையும் பாதுகாப்புக் காடாக வகைப்படுத்த முடியும்.

செம்பனை முதிர்ந்தால் மறுநடவு செய்வார்கள். தோட்ட மக்கள் அறிந்ததுதான். இந்த மரத்துக்கு நாற்று எடுக்கவும் அந்தக் குன்று நிற்க வேண்டும்.