வண்டியுடையானுக்கே ஊர், மற்றவனுக்கு என்ன?

“பல்லேகமவுக்குச் சென்று வந்தேன். என்ன அமைதி! என்ன காற்று!” என்று வியந்து பேசும் நண்பர்களை நாம் அடிக்கடி காண்கிறோம். அவர்கள் சொந்தக் காரிற் சென்றவர்கள். மாத்தளையிலிருந்து இரத்தோட்டை, றிவஸ்டன், இலுக்கும்புர வழியாக மலையேறி இறங்கி, கண்ட இடத்தில் நின்று படம் பிடித்து, மாலையில் வீடு திரும்பியவர்கள். அந்த அமைதி அவர்களுக்கு ஒருநாள் விருந்து. அதனையே நாள்தோறும் உண்ணுமாறு விதிக்கப்பட்ட ஒருவன் அங்கே இருக்கின்றான். தெருவோர மரநிழலில், கையிற் பையுடன், வரவேண்டிய பஸ்ஸை எதிர்பார்த்து நின்ற அவனைக் கடந்துதான் அவர்களுடைய கார் சென்றது. அவனை அவர்கள் கண்டிலர்.

அவனைப் பற்றியே இங்கு எழுதுகின்றோம்.

அம்பன் கங்கையிற் கலக்கும் களு கங்கையை மறித்து அணை எழுந்தது பல்லேகமவில். மொரகஹகந்த – களு கங்கைத் திட்டத்தின்கீழ் 2018ஆம் ஆண்டில் அங்கு நீர் தேக்கப்பட்டது. பழைய லக்கலையின் கடைத்தெருவும் வீடுகளும் வயல்களும் நீருள் மறைந்தன. அதே ஆண்டில் “பசுமை நகர்” என்ற அழகிய பெயருடன் புதிய லக்கல நகரம் திறந்துவைக்கப்பட்டது. வறண்ட வயல்களுக்குத் தண்ணீர் செல்லவேண்டும் என்பதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால், பிறர் வயல் விளைவதற்காகத் தன் மண்ணையும் மனையையும் விட்டுக்கொடுத்த உழவனுக்கு இந்நாடு கடன்பட்டிருக்கின்றது. அக்கடன் முழுமையாகத் தீர்க்கப்பட்டதா என்பதே நம் வினா.

பழைய கடைத்தெரு எத்துணை சிறிதாயினும், நடந்து போய்வரும் மக்கள் தம் காலடியால் வளர்த்தெடுத்த ஊர். புதிய ஊர் வரைபடத்திற் கோல் வைத்துக் கீறப்பட்டது. அதில் வீதிக்கு அளவு இருந்தது. கட்டிடத்துக்கு அளவு இருந்தது. வண்டி நிறுத்தும் இடத்துக்கும் அளவு இருந்தது. வண்டியில்லாதவன் முதல் பஸ்ஸில் எத்தனை மணிக்குப் புறப்படுவான், கடைசிப் பஸ்ஸில் எத்தனை மணிக்குத் திரும்புவான் என்பதற்கு வரைபடத்தில் இடம் ஏது? புதிய ஊர் அமைப்போர் எல்லோரும் செய்யும் பிழை இது.

வழக்கறிஞன் என்ற முறையில் நான் கண்ட ஒன்றைக் கூறுகின்றேன். காணி வழக்கொன்றில் என்னிடம் வந்த முதிய விவசாயி ஒருவர், மலைக்கு அப்பாலிருந்து மன்றுக்கு வரவேண்டியவர். அன்று காலை வரவேண்டிய பஸ் வரவில்லை. முச்சக்கர வண்டிக்கு அவர் கொடுத்த கூலி, அவருடைய பல நாள் உழைப்பின் பயன். அவர் வந்து சேர்ந்தபோது வழக்கு அழைக்கப்பட்டுத் தவணையும் குறிக்கப்பட்டுவிட்டது. “ஐயா, நான் என்ன குற்றம் செய்தேன்?” என்று அவர் கேட்டார். சட்டப் புத்தகம் எதிலும் அதற்கு விடை காணேன். நீதிமன்றம் எல்லோருக்கும் திறந்திருக்கின்றது என்கின்றோம். வாசல் திறந்திருந்து பயன் என்ன, வாசலுக்கு வருவதற்கு வழியில்லையாயின்?

“பல்லேகம சிங்கள விவசாயிகளின் ஊராயிற்றே; தமிழ் ஏட்டுக்கு அங்கே என்ன வேலை?” என்று வினவுவாரும் உளர். அன்பர்களே, அதே மலைப்பாதையின் இப்பக்கத்தில், இரத்தோட்டையைச் சூழ்ந்த தோட்டங்களின் லயங்களில், நம் மலையகத் தொழிலாளர் வாழ்கின்றனர். கருவுற்ற பெண்ணை ஆசுபத்திரிக்குக் கொண்டுசெல்ல நள்ளிரவில் யாருடைய வண்டி கிடைக்கும் என்று அவர்களும் கதவு கதவாகத் தட்டுகின்றனர். 2009இன் பின் வன்னியில் மீளக் குடியேறிய நம் விவசாயி, மகளை மேல்வகுப்புப் படிக்க அனுப்புவதற்குப் பாடசாலையை எண்ணுமுன் பஸ்ஸை எண்ணுகின்றான். பஸ் வராத ஊரில் இனம் பார்த்து எவரும் காத்திருப்பதில்லை. எல்லோரும் ஒரே வெயிலிலேயே நிற்கின்றனர்.

உத்தியோகம் பார்க்கும் நண்பர்கள் இது தங்களுக்குரிய செய்தியன்று என எண்ணிவிட வேண்டாம். கொழும்பின் இரைச்சலுக்கு அஞ்சி, புறநகரில் அமைதியான மனை வாங்கிக் குடியேறியவர்கள் உங்களுள் பலர். நீங்கள் காலையிற் காரில் ஏறியபின் உங்கள் வீட்டில் யார் இருக்கின்றார்கள்? கோயிலுக்குப் போகவேண்டுமாயின் மகன் வரும்வரை காத்திருக்கும் தாய் இருக்கின்றாள். கடலுக்கு அப்பால் கனடாவின் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பெரிய வீடுகளிற் பிள்ளைகளுடன் வாழும் நம் முதியோரைக் கேளுங்கள். யாழ்ப்பாணத்தில் ஒழுங்கையால் நடந்து சந்தைக்கும் கோயிலுக்கும் தம் விருப்பப்படி போய்வந்தவர்கள் அவர்கள். அங்கே சாளரத்தருகே அமர்ந்து, பனி படர்ந்த வெறுந்தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கின்றார்கள். அந்த அமைதியை அவர்கள் கேட்டு வாங்கவில்லை. மார்க்கத்து மூதாட்டிக்கும் பல்லேகம உழவனுக்கும் செல்வத்தில் மலையளவு வேறுபாடு உண்டு, குறை ஒன்றே. தம் காலால் தாம் விரும்பிய இடத்துக்குச் செல்லும் உரிமையை இருவரும் இழந்தனர்.

இனி எதிர்வாதத்துக்கு வருவோம். “இப்போது எவரிடம் மோட்டார் சைக்கிள் இல்லை? பஸ் எதற்கு?” என்பர். மோட்டார் சைக்கிள் வானத்திலிருந்து விழவில்லை; லீசிங் கடனில் வந்தது. தவணை தவறினால் வண்டி போகும். வண்டி போனால் தொழில் போகும். பொதுப் போக்குவரத்துக்கு அரசு செலவிட வேண்டிய பணத்தை, உழவன் வட்டியோடு தன் மடியிலிருந்து கட்டுகின்றான். 2021ஆம் ஆண்டின் முடிவில் 177 ரூபாவுக்கு விற்ற ஒரு லீற்றர் பெற்றோல், 2022 ஜூன் இறுதியில் 470 ரூபாவாயிற்று. பின்னர் வந்த பங்கீட்டில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர் என அளந்து கொடுத்தனர். நான்கு லீற்றரில் மலையேறி இறங்கி எத்தனை முறை மாத்தளைக்குப் போய்வரலாம்? அன்றி, வண்டி ஓட்டாத முதியோருக்கும், உரிமம் பெறும் வயதை எட்டாத மாணவருக்கும், வீட்டிலுள்ள ஒரே வண்டியைக் கணவன் எடுத்துச் சென்றபின் தனித்திருக்கும் பெண்ணுக்கும் இந்த வாதம் என்ன விடை தருகின்றது?

“பயணிகள் குறைவு, பஸ் விட்டால் நட்டம்” என்பது அடுத்த வாதம். அணைக்கட்டு இலாபத்துக்காகவா கட்டப்பட்டது? பாடசாலை இலாபம் தருகின்றதா? 1880இல் மாத்தளைக்கு வந்த புகையிரதப் பாதை, பெருந்தோட்ட முதலாளிகளின் விளைபொருளை இறக்குவதற்காக வந்தது, மாத்தளையோடு நின்றும்விட்டது. 1958 ஜனவரி முதலாம் நாள் பஸ் சேவைகளை நாட்டுடைமையாக்கி இலங்கைப் போக்குவரத்துச் சபையை நிறுவியபோது, வருமானம் தரும் வழியின் மிகுதியைக் கொண்டு வருமானம் தராத வழியைத் தாங்கலாம் என்ற நீதி அதில் அடங்கியிருந்தது. 1977இன் பின் வந்த ஆட்சி தனியாருக்கு மீண்டும் வழி திறந்தது. தனியார் பஸ் ஆள் நிறைந்த வழியை நாடியது. ஆளில்லா வழி அனாதையாயிற்று. மாலையாகிப் பயணிகள் குறைந்தால் பஸ்ஸை நிறுத்திவிடுவதும், பஸ் இல்லையென்று பயணிகள் மேலும் குறைவதும் சங்கிலித் தொடராயின. நட்டம் காரணமாகப் பஸ் நின்றது என்கின்றனர். பஸ் நின்றதாலேயே நட்டம் பெருகியது என்கின்றோம் நாம்.

வழியில்லை என்று சொல்லவும் இயலாது. வருமானம் குன்றிய கிராமப் பாதைகளுக்கு மானியம் கொடுத்துப் பஸ் ஓடச் செய்யும் “கெமி செரிய” என்ற ஏற்பாடும், மாணவருக்கான “சிசு செரிய” ஏற்பாடும் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவிடம் உள்ளன. தமிழ்நாட்டில் 2021 முதல் சாதாரண நகரப் பஸ்களில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்கின்றனர். அதற்கான பணத்தை மாநில அரசு கொடுக்கின்றது. அங்கே இயன்றது இங்கே இயலாதென எவரும் கூறார்.

சட்டம் என்ன சொல்கின்றது? அரசியலமைப்பின் 14(1)(ஏ) என்னும் உறுப்புரை நாடு முழுவதும் நடமாடும் சுதந்திரத்தைக் குடிமகனுக்கு அளிக்கின்றது. 1987இன் 13ஆம் திருத்தம், மாகாணத்துள் வீதிப் பயணிகள் சேவையை ஒழுங்குபடுத்தும் பொறுப்பை மாகாண சபைக்குக் கொடுத்தது. ஆனால் மத்திய மாகாண சபை 2018இற் கலைந்தது. அதன்பின் தேர்தலின்றி ஆண்டுகள் பல கழிந்தன. பஸ் வராததற்கு மக்கள் யாரிடம் முறையிடுவது? வாக்குக் கேட்டு வந்தவனிடம் கேட்கலாம். ஆணையில் அமர்த்தப்பட்ட அதிகாரியிடம் மனுத்தான் கொடுக்கலாம்.

ஆயினும் மனுவோடு நாம் நின்றுவிடப் போவதில்லை. நம் கோரிக்கைகள் மிகச் சிறியவை. ஒவ்வொரு பாதைக்கும் முதற் பஸ்ஸும் கடைசிப் பஸ்ஸும் நேரம் குறிக்கப்பட்டு, அந்நேர அட்டவணை சிங்களத்திலும் தமிழிலும் தரிப்பிடந்தோறும் ஒட்டப்படவேண்டும். பாடசாலை விடும் நேரம், மருத்துவமனைக் கிளினிக் நாள், சந்தை நாள் ஆகியவற்றுக்கு இணங்க அது அமையவேண்டும். இலாபமுள்ள வழிக்கு அனுமதிப்பத்திரம் பெறுபவன் இலாபமற்ற வழியொன்றையும் ஏற்கவேண்டும். பெரிய பஸ் ஏறாத பாதையிற் சிறிய பஸ் ஏறட்டும். மக்களை இடம்பெயர்த்து அமைக்கும் எந்தப் புதிய ஊரும், பஸ் ஓடத் தொடங்குமுன் “திறந்துவைக்கப்பட்டது” என்று அறிவிக்கப்படலாகாது.

வாசக அன்பர்களே! உங்கள் ஊர்ப் பஸ் வராத நாட்களை ஒரு கொப்பியிற் குறித்து வையுங்கள். நாள், நேரம், காத்திருந்தோர் தொகை ஆகியவற்றை எழுதுங்கள். ஊர்ச் சங்கத்திற் கூடி அதில் ஒப்பமிடுங்கள். சான்றின்றிப் பேசுபவனை அதிகாரி எளிதில் அனுப்பிவிடுவார். கணக்கோடு வரும் ஊரை அவ்வாறு அனுப்புதல் அரிது. அக்கொப்பியோடு பிரதேச செயலகத்துக்குச் செல்லுங்கள். அங்கும் நீதி கிட்டாதாயின் மன்றுக்கு வாருங்கள். வழக்காட நாம் ஆயத்தமாயிருக்கின்றோம்.