களாவும் ஒரு பூச்செடிதான்

மார்ச் கடைசியில் புனேயின் கட்கிப் பக்கம் சாயங்காலம் நடக்கப் போகிறவர்கள், ராணுவ நிலத்தின் கம்பிவேலி ஓரம் வந்ததும் மூக்கை ஒருமுறை நிமிர்த்துவார்கள். "எங்கேயோ மல்லி பூத்திருக்கு சார்" என்பார் கூட வருகிற நம்மூர்க்காரர். அங்கே மல்லியை யார் நட்டார்கள்? வாசனை களாப் புதரிலிருந்து வருகிறது. ஊறுகாய் ஜாடியிலேயே களாவைப் பார்த்துப் பழகிவிட்டதால், அது பூக்கும் என்கிற நினைப்பே நமக்கு வருவதில்லை.

பக்கத்தில் போய்ப் பாருங்கள், கையை மட்டும் பையில் போட்டுக்கொண்டு. கணுவுக்குக் கணு இரண்டிரண்டு முள், சிலது நுனியில் கவையாகப் பிரிந்திருக்கும். இளம் முள்ளின் முனை சிவப்பு. இலை தடிப்பாக, பளபளவென்று, எதிரெதிரே நிற்கும். கிளை நுனியில் கொத்தாகப் பூ. மொட்டு லேசான ரோஸ் நிறத்தில், விளக்குத் திரி போல முறுக்கிக்கொண்டிருக்கும். விரிந்தால் ஐந்து வெள்ளை இதழ்கள், அடியில் ஒடுங்கிய குழல். ஒரு பூவைக் கிள்ளினால் காம்பில் பால் துளிர்க்கும். அரளி, நந்தியாவட்டை, நித்தியகல்யாணி எல்லாம் இதன் பங்காளிகள். மல்லிக்கும் இதற்கும் உறவே கிடையாது. வெள்ளை நிறம், நீண்ட குழல், ஆளைத் தேடி வரும் வாசனை ஆகிய மூன்றும் நீளமான உறிஞ்சுகுழல் உள்ள பூச்சிகளுக்காக ஏற்பட்டவை. தேன் குழலின் அடியில். அதைத் தொட வேண்டுமானால் வழியில் மகரந்தத்தை உரசாமல் போக முடியாது. மல்லிக்கும் களாவுக்கும் வாடிக்கையாளர் ஒரே மாதிரி என்பதால் கடையும் ஒரே மாதிரி அமைந்துவிட்டது.

லின்னேயஸ் 1767-லேயே இதற்கு கரிஸ்ஸா கரண்டாஸ் என்று பெயர் வைத்துவிட்டார். தோட்டத்துப் பெரிய களாவும் சஹ்யாத்ரி மலையின் சின்னக் களாவும் ஒரே இனமா, வேறா என்று தாவரவியலாளர்கள் அப்புறமும் வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள். மலைக்காரர்களுக்கு எல்லாமே கர்வந்த்.

மே மாதம் வந்தால் லோணாவளா, கண்டாளா பக்கத்து மலைகளிலிருந்து ஆதிவாசிப் பெண்கள் பழத்தைப் பறித்துவந்து இலைப் பொட்டலத்தில் விற்பார்கள். "டோங்கராச்சி காளி மைனா" என்பது கூவல். மலையின் கறுப்பு மைனாவாம். மராத்திப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு விளையாட்டு உண்டு: கடித்துப் பார்த்து உள்ளே சிவப்பாக இருந்தால் சேவல், வெளுத்திருந்தால் கோழி. உதட்டில் பிசுபிசுவென்று பால் ஒட்டுவதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. நாம் பழுக்கிற வரை பொறுப்பதில்லை. பச்சையாகப் பறித்து உப்பில் போட்டுவிடுகிறோம். அதே காயைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்துச் சிவப்புச் சாயம் ஏற்றினால் பேக்கரி 'செர்ரி'. பிறந்தநாள் கேக்கின் மேல் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் காஷ்மீரச் செர்ரி அல்ல, நம் களாதான்.

இந்தச் செடிக்கு ஒரு கெட்ட காலமும் இருந்தது. கடற்கரை உப்பும் சமஸ்தானங்களின் உப்பும் வரி கட்டாமல் உள்ளே வராதபடி, சிந்து நதியிலிருந்து மகாநதி வரை சுங்கக் கோடு ஒன்றை இழுத்தார்கள் வெள்ளைக்காரர்கள். முதலில் வெட்டிப்போட்ட காய்ந்த முள். அது கரையானுக்கும் தீக்கும் போனது. 1867-ல் உள்நாட்டுச் சுங்க ஆணையரான ஆலன் ஆக்டேவியன் ஹியூம், உயிருள்ள வேலியே நிற்கும் என்று முடிவு கட்டினார். இலந்தை, கருவேலம், கள்ளியோடு களாவும் நடப்பட்டது. நன்றாக வளர்ந்த இடங்களில் வேலி 12 அடி உயரம், 14 அடி அகலம். உப்புக்காக ஏழையின் காலைக் கிழித்த முள்ளில் களா முள்ளும் சேர்த்தி. 1879-ல் கோட்டைக் கைவிட்டார்கள். வேலி காடோடு காடாகப் போயிற்று. ராய் மாக்ஸம் என்ற ஆங்கிலேயர் அதன் மிச்சத்தைத் தேடி உத்தரப்பிரதேசம் வரை அலைந்து 2001-ல் ஒரு புத்தகமே எழுதினார். வேலி போட்ட ஹியூம்தான் பிற்பாடு காங்கிரஸையும் தொடங்கிவைத்தவர். 1885-ல் முதல் மாநாட்டைப் புனேயில் கூட்டத்தான் திட்டம். இங்கே காலரா பரவியதால் பம்பாய்க்கு மாற்றினார்கள்.

கட்கி, ஆங்கிலேயர் மராத்தியரோடு நடத்திய 1817 போருக்குப் பிறகு கண்டோன்மென்டான ஊர். பட்டாளத்து நிலத்தில் பிளாட் போட முடியாது என்பதால் அங்கே புதர் பிழைத்திருக்கிறது. அவர்களுக்கு அந்த நோக்கம் இருந்ததா என்பது வேறு விஷயம். புனேயைச் சுற்றிய குன்றுகளில் அந்தக் காப்பு இல்லை. கடல் கடந்து வந்த உண்ணிச்செடி ஒரு பக்கம் நெருக்குகிறது. மரம் நடுகிறோம் என்று வனத்துறை வைத்த கிளைரிசிடியா, அதுவும் வெளிநாட்டுச் சரக்கு, இன்னொரு பக்கம். பசுமை என்றால் உயரமான மரம் மட்டும்தான் என்கிற எண்ணம் நம்மை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. புதரைக் கண்டால் 'சுத்தம்' செய்யச் சொல்கிறோம். அந்தப் புதருக்குள்தான் கௌதாரி ஒளிகிறது, ஆடு வாய்வைக்க முடியாத மரக்கன்று வளர்கிறது, கொண்டைக்குருவி பழத்தைத் தின்று விதையை அடுத்த பாறைக்குக் கொண்டுபோகிறது.

நடைபாதை ஓரத்துக் களாவை வெட்டி அங்கே சிமென்ட் பெஞ்சு போடும் அழகுபடுத்தல் எனக்குப் பிடிக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து வேறு எதை முகர்வதாம்?

ஊரில் காணியோ, தோட்டமோ, மதில் கட்டாத மனையோ இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நன்றாகக் கறுத்த பழத்தைப் பிழிந்து விதையை எடுத்துக் கழுவி உடனே விதைத்துவிடுங்கள். காயவைத்துப் பத்திரப்படுத்தினால் முளைப்பு போய்விடும். கன்றை மழைக்காலத்தில் இரண்டடிக்கு ஒன்றாக நடுங்கள். வேர் பிடித்த பிறகு தண்ணீர் கேட்காது. மூன்று வருஷத்தில் பூக்க ஆரம்பிக்கும்.