மலிவான ரிவால்வரும் மலிவான மனிதர்களும்

இலக்கியம் பேசும் இடத்தில் ரிவால்வருக்கு என்ன வேலை என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஆனால் தமிழ் வாசகனுக்கு ரிவால்வரை அறிமுகம் செய்ததே அச்சகம்தான். சிவகாசி அதை நமக்கு இரண்டு வடிவங்களில் தந்தது. ஒன்று, தீபாவளிக்கு ரோல் கேப்பு மாட்டிச் சுடும் தகரத் துப்பாக்கி. மற்றொன்று, லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லரின் இடுப்பில் தொங்கியது. லயன் காமிக்ஸுக்கு முன்பே, 1972இல், கர்ணனின் 'கங்கா'வில் ஜெய்சங்கர் குதிரையேறி வந்துவிட்டார். ஆகவே 'சிங்கிள் ஆக்‌ஷன்' என்ற பெயரை அறியாதவர்களுக்கும் அதன் பொருள் தெரியும். ஒவ்வொரு முறை சுடுவதற்கு முன்பும் கட்டைவிரலால் குதிரையைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். இழுக்கும்போது உருளை ஓர் அறை நகர்ந்து நிற்கும். அதன்பின் விசைக்கு மிஞ்சுவது ஒரே வேலை, குதிரையை விடுவிப்பது. அந்த ஒற்றை வேலையே பெயர்க்காரணம்.

இவ்வளவு விளக்கத்திற்குக் காரணம் உண்டு. சேத்தியாத்தோப்புப் பகுதியில் கரும்பும் நெல்லும் வைத்திருக்கும் நண்பர்கள் சிலர் அண்மைக்காலமாக ஒரு வாதத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். "அமெரிக்காவில் இருபதாயிரம் ரூபாய்க்கு ரிவால்வர் கிடைக்கிறது சார். வாங்கி, ஸ்பிரிங்கை மாற்றி, உரசுகிற இடங்களை மெருகேற்றி, நமக்கு ஏற்றாற்போல் ஆக்கிக்கொள்கிறார்கள். நமக்கும் அப்படி ஒன்று கிடைத்தால் மோட்டார் கொட்டகையில் நிம்மதியாகப் படுக்கலாம்" என்கிறார்கள். படித்தவர்கள், நல்லவர்கள். ஆனால் வாதம் அடிமுதல் நுனிவரை பிழையானது.

முதலில் அவர்கள் வியக்கும் பொருளுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடலாம். கோல்ட் நிறுவனம் 1873இல் கொண்டுவந்த சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வரின் வழிவந்தவை இன்றும் அங்கே விற்கின்றன. ரூகர் நிறுவனம் 2019இல் 'ராங்லர்' என்ற .22 ரிவால்வரை 249 டாலர் என்று விலை குறித்து வெளியிட்டது. மலிவான பொருளை வாங்கி, பொறுமையாக அதைச் செம்மை செய்வது அங்கே ஒரு கைத்தொழில் ரசனை. அதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை.

ஆனால் அந்த ரிவால்வரின் வரலாற்றில் நடந்த மிகப் பெரிய மேம்பாடு எது? பழைய அமைப்பில் ஆறு அறைகளையும் நிரப்பி வைத்துக்கொள்ள முடியாது. குதிரை நேராகத் தோட்டாவின் மேல் சாய்ந்திருக்கும். கீழே விழுந்தால் வெடிக்கும். ஆகவே அனுபவசாலிகள் ஐந்தை மட்டும் நிரப்பி, குதிரைக்குக் கீழுள்ள அறையைக் காலியாக விடுவார்கள். 1973இல் ரூகர் இதை மாற்றியது. விசையை இழுத்துப் பிடித்தால் மட்டுமே அடியைக் கடத்தும் ஓர் இடைத்தண்டைச் சேர்த்தது. அதற்கு முன் விற்ற துப்பாக்கிகளுக்கும் இலவசமாகவே அதைப் பொருத்தித் தருவதாக அறிவித்தது. ஆக, மேம்பாடு என்ற சொல்லுக்கு அங்கே கிடைத்த மிகச் சிறந்த பொருள், வைத்திருப்பவனையும் பக்கத்தில் இருப்பவனையும் காப்பது. காணொளி பார்த்து மயங்குகிறவர்களின் கண்ணில் இது படுவதில்லை.

இனி இந்தியாவுக்கு வருவோம். இங்கே 'எளிய மக்களின் பாதுகாப்புக்கு ஒரு ரிவால்வர்' என்ற கனவு ஏற்கெனவே ஒருமுறை விற்பனைக்கு வந்துவிட்டது. 2012 டெல்லிக் கொடுமைக்குப் பிறகு, அந்தப் பெண்ணுக்கு ஊடகங்கள் இட்ட 'நிர்பயா' என்ற பெயரின் எதிரொலியாக, கான்பூர் அரசு ஆயுதத் தொழிற்சாலை 2014 ஜனவரியில் 'நிர்பீக்' என்ற .32 ரிவால்வரை வெளியிட்டது. எடை அரைக் கிலோ. பெண்களின் கைப்பைக்கு ஏற்றது என்றார்கள். நகைப்பெட்டி போன்ற பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். விலை 1,22,360 ரூபாய். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைத் திட்டத்தின் தினக்கூலி 167 ரூபாய். கணக்குப் போட்டுப் பாருங்கள், 733 நாள் கூலி. நூறு நாளும் முழுதாக வேலை கிடைத்து, ஒரு பைசாவும் செலவழிக்காமல் சேர்த்தாலும் ஏழு ஆண்டுகளுக்கு மேல். விடியற்காலையில் நாற்று நடப் போகிற பெண்ணுக்கா அந்த நகைப்பெட்டி? அச்சத்தை ஏழைப் பெண்ணிடமிருந்து எடுத்துக்கொண்டு, அச்சமின்மையைப் பணக்கார வீட்டுக்கு விற்ற வணிகம் அது. 2023இல் வந்த 'பிரபல்' ரிவால்வரின் பெருமை 50 மீட்டர் தூரம் சுடும் என்பது. அறைக்குள்ளும் வாசற்படியிலும் நிகழும் வன்முறைக்கு 50 மீட்டரால் என்ன பயன்?

இந்த நாட்டில் ஆயுத உரிமம் எப்போதும் நம்பிக்கையின் அளவுகோலாகவே இருந்து வந்திருக்கிறது. லிட்டன் பிரபு 1878இல் இரண்டு சட்டங்களைக் கொண்டுவந்தார். ஒன்று தாய்மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டியது. மற்றொன்று இந்தியர்களின் கையைக் கட்டிய ஆயுதச் சட்டம். ஐரோப்பியருக்கு அதிலிருந்து விலக்கு இருந்தது. சுதேசிகளின் எழுத்தையும் நம்பக் கூடாது, கையையும் நம்பக் கூடாது என்பதே கொள்கை. பத்திரிகைச் சட்டம் ரிப்பன் காலத்தில் ஒழிந்தது. ஆயுதச் சட்டம் நிலைத்தது. காந்தியே 1918இல் தமது துண்டறிக்கை ஒன்றில் அதை ஆங்கில ஆட்சியின் மிகக் கறுத்த செயலாகக் குறிப்பிட்டார். 1931 கராச்சி காங்கிரஸின் அடிப்படை உரிமைத் தீர்மானத்தில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமை இடம்பெற்றது. அரசியல் நிர்ணய சபையில் 1948 டிசம்பரில் காமத் அதைக் கேட்டபோது அம்பேத்கர் மறுத்தார். அம்பேத்கர் சொன்னதே சரி என்பது என் கருத்து. எல்லோரும் சந்தைக்குப் போய் ஆயுதம் வாங்கும் நாட்டில் முதலில் சாகிறவன் சேரிக்காரன்.

ஆனால் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் ஒரு நியாயத்தைத் தன்னுள் வைத்திருக்கிறது. அதன் 13ஆம் பிரிவைப் படித்தவர் குறைவு. பயிரைக் காக்க உண்மையாகவே தேவைப்படும் குடிமகனுக்கு, வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கிக்கு உரிமம் வழங்க வேண்டும் என்கிறது அது. ரிவால்வர் கேட்பவரோ தகுந்த காரணம் காட்டி அதிகாரியை நிறைவுசெய்ய வேண்டும். அதாவது, சட்டத்தின் எழுத்தில் முன்னுரிமை உழவனின் மலிவான துப்பாக்கிக்கே. நடைமுறையில் எதைக் காண்கிறோம்? திருமண ஊர்வலத்தில் இடுப்பில் தெரியும்படி ரிவால்வர் செருகியவரைக் கௌரவமாகப் பார்க்கிறோம். தோளில் நாட்டுத் துப்பாக்கி மாட்டியவரைக் கண்டால் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்கிறோம்.

நம் பேருந்து நிலையங்களில் பாசிமணி விற்கும் நரிக்குறவர்களை எண்ணிப் பாருங்கள். ஒரு காலத்தில் அவர்களின் அடையாளமே அந்தத் துப்பாக்கி. மருந்தையும் ரவையையும் வாய்வழியே இட்டு, கேப்பை வைத்து, குதிரையைக் கட்டைவிரலால் இழுத்து நிறுத்திச் சுட வேண்டும். அதுவும் சிங்கிள் ஆக்‌ஷன்தான் நண்பர்களே! மலிவாக வாங்கி, கட்டையைத் தாமே செதுக்கி, பழுதைத் தாமே பார்த்துப் பல தலைமுறை வாழ்ந்தவர்கள் அவர்கள். அமெரிக்கன் செய்தால் ரசனை, குருவிக்காரன் செய்தால் குற்றம். உரிமமின்றித் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதும் மாற்றியமைப்பதும் சட்டப்படி தண்டனைக்குரியவை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது எல்லோருக்கும் பொதுவான விதி. வீட்டு மேசையில் ரிவால்வரைக் கழற்றிப் போட்டு மெருகேற்றும் கனவு காணும் என் நண்பர்களுக்கும் சேர்த்துத்தான்.

1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை நிறுத்தியது. அது தேவையான சட்டம். நரிகளும் பறவைகளும் வாழ வேண்டும், வீராணத்துக்கு வரும் பறவைகள் உட்பட. ஆனால் வேட்டையை இழந்தவருக்கு அரசு என்ன கொடுத்தது? பழங்குடிப் பட்டியலில் நரிக்குறவரைச் சேர்க்கும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றுவதற்கே 2022 டிசம்பர் ஆகிவிட்டது. அரை நூற்றாண்டு. அதே வேளையில் குடகில் கொடவர்களுக்கும் ஜம்மா நில உரிமையாளர்களுக்கும் ஆயுத உரிமத்திலிருந்து ஆங்கிலேயர் காலம் முதல் இருந்துவரும் விலக்கை, மத்திய அரசு 2019இல் இன்னும் பத்தாண்டுகளுக்கு நீட்டித்தது. துப்பாக்கி அவர்களின் மரபு, வழிபாட்டுப் பொருள் என்பது காரணம். நான் கொடவர்களைக் குறை சொல்லவில்லை. நிலமுள்ளவனின் துப்பாக்கி பண்பாடாகிறது, நிலமற்றவனின் துப்பாக்கி வழக்காகிறது. அதைத்தான் கேட்கிறேன்.

சேத்தியாத்தோப்பு நண்பர்களின் உண்மையான கவலை கள்வன் அல்ல, கரும்புக்குள் புகும் காட்டுப்பன்றி. அதற்கு .32 ரிவால்வர் எதற்கும் உதவாது. இருட்டில் ஓடுகிற பன்றியின் மேல் குட்டைக் குழலை நீட்டுகிறவன் பக்கத்து வயல்காரனைச் சுடுவான். காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளைச் சுட அனுமதிப்பதாகத் தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்தது. சுட வேண்டியவர்கள் வனத்துறையினர். கரும்புக் காட்டில் இரவெல்லாம் காத்திருக்கப் போதிய ஆட்கள் அவர்களிடம் இருக்கிறார்களா என்று கேட்க வேண்டாமா? காட்டையும் விலங்கின் தடத்தையும் தலைமுறையாக அறிந்தவர்களைப் பயிற்சியளித்து, உரிமமும் கூலியும் கொடுத்து, வனத்துறையின் கண்காணிப்பில் அந்தப் பணியில் அமர்த்தினால் என்ன? பன்றியும் குறையும், ஒரு சமூகத்தின் அறிவுக்கு மதிப்பும் கிடைக்கும். இதைக் கேட்க நமக்கு வாய் வருவதில்லை. மலிவு ரிவால்வர் கேட்க மட்டும் வருகிறது.

கோல்ட்டின் ரிவால்வர் வலியவனையும் மெலியவனையும் சமமாக்கியது என்று அமெரிக்காவில் ஒரு பழைய பெருமைப் பேச்சு உண்டு. அங்கே அது எந்த அளவு உண்மை என்பதைச் செவ்விந்தியரிடம்தான் கேட்க வேண்டும். இங்கே துப்பாக்கி யாரையும் சமமாக்கியதில்லை. யார் நம்பத் தகுந்தவர், யார் தகாதவர் என்று பிரித்துக் காட்டியிருக்கிறது. அந்தப் பிரிவினையில் 'தகுந்தவர்' வரிசையில் நிற்க ஆசைப்படுவதே என் நண்பர்களின் கோரிக்கையின் உட்பொருள். மோட்டார் கொட்டகைக்கு ஒரு விளக்கும், அடுத்த கொட்டகைக்காரரோடு ஒரு நல்லுறவும் போதும். துப்பாக்கியைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும் என்றால், 13ஆம் பிரிவு உழவனுக்குக் கொடுத்த சொல் ஏன் வட்டாட்சியர் அலுவலகப் படியைத் தாண்டி வரவில்லை என்று பேசுவோம். அதற்கு மனு எழுதுவதானால் நான் வருகிறேன், எழுதியும் தருகிறேன். ரிவால்வருக்கு என்னிடம் வராதீர்கள்.