மாப்பிள்ளை யாராகவும் இருக்கட்டும்

கிரேக்கக் குடும்பத்துத் திருமணத்தைக் கதையாகக் கொண்ட 'மை பிக் ஃபேட் கிரீக் வெட்டிங்' (2002) என்னும் நகைச்சுவைப் படத்தைப் பெற்றோர் பலர் பார்த்துச் சிரித்திருப்பீர்கள். எந்தச் சொல்லைச் சொன்னாலும் அதற்குக் கிரேக்க வேர் காட்டுவார் பெண்ணின் தந்தை. ஜப்பானியரின் கிமோனோவையும் விட்டுவைக்கமாட்டார். (நம்மிடையேயும் இத்தகைய பெரியவர்களுக்குப் பஞ்சமில்லை. கட்டுமரம் ஆங்கிலத்துக்குப் போனது உண்மைதானே!) கதையை எழுதி நடித்த நியா வர்தலோஸ் கிரேக்க வழிவந்தவர், அதனால் அந்தக் கேலி புண்படுத்துவதில்லை.

மகள் தூலா கிரேக்கரல்லாத ஒருவரை மணக்கிறாள். நான் சொல்ல வந்தது இறுதிக் காட்சியைப் பற்றி. ஆண்டுகள் கழிந்து அவளுடைய மகள் கிரேக்கப் பள்ளிக்குப் போக முரண்டு பிடிக்கிறாள். நீ விரும்பியவரை மணந்துகொள்ளலாம் என்று வாக்களிக்கும் தாய், பள்ளியை மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை.

நாமோ இதைத் தலைகீழாகச் செய்கிறோம். தேக்காவுக்குத் திருமணப் பொருள் வாங்க வரும் குடும்பங்களைப் பாருங்கள். கூறைப்புடவையின் நிறம், தாலியின் வடிவம், வரனின் சாதி என எதிலும் அணுவளவும் நெகிழாதவர்கள், அழைப்பிதழ் ஆங்கிலத்தில் மட்டுமே அச்சாகும்போது வாய் திறப்பதில்லை.

வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசும் சிங்கப்பூர் இந்தியர் 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 42.9 விழுக்காடு, 2010இல் 36.7. பிறமொழி இந்தியரின் வரவும் இதற்கு ஓரளவு காரணந்தான். ஆனால் அதே காலத்தில் ஆங்கிலம் 35.6இலிருந்து 41.6 விழுக்காடாக உயர்ந்ததே! இதனைக் கலப்புத் திருமணத்தின் தலையில் கட்டுவது சோம்பேறித்தனம். 2011 முதல் பிறப்புப் பதிவில் இரட்டை இன அடையாளத்துக்கும் இடமுண்டு. தந்தை சீனர், தாய் தமிழர் எனும் வீட்டுப் பிள்ளை என் வகுப்பில் சரளமாகத் தமிழ் பேசியதுண்டு; அம்மாச்சிக்கு வேறு மொழி வராது, அவ்வளவுதான். பெற்றோர் இருவரும் தமிழராயிருந்தும், வீட்டில் தமிழ் பேசினால் எல்லாரும் சிரிப்பார்கள் என்று என்னிடம் சொன்ன பிள்ளையும் உண்டு.

ஆசிரிய நண்பர்களுக்கும் ஒரு சொல். அப்படத்தில் கிரேக்கப் பள்ளியும் கேலிக்குத் தப்பவில்லை. பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையில் உரிய இடம் தரவேண்டும் என்று 2005இலேயே பாடத்திட்ட மறுஆய்வுக் குழு பரிந்துரைத்தது. இன்னமும் "ஆத்துக்குப் போனேன்" என்று சொல்லும் பிள்ளையை "ஆற்றுக்குச் சென்றேன் என்று சொல்" என அதட்டி உட்காரவைத்தால் அது எப்படி வாய் திறக்கும்?

உமறுப் புலவர் தமிழ்ப்பள்ளி 1982இல் மூடப்பட்டபின் நமக்கெனத் தமிழ்வழிப் பள்ளி இல்லை. ஆயினும் தமிழ் இங்கே பெரும்பாலும் பள்ளிப் பாடவேளையிலேயே கிடைக்கிறது. படத்துப் பிள்ளையைப் போல் தனியே ஒரு பள்ளிக்குப் பெரும்பாலோர் அலையவேண்டியதில்லை. இரவு உணவு வேளையைத்தான் பெற்றோரிடம் கேட்கிறோம். சாதகப் பொருத்தம் பார்க்க உட்காரும்போது இதையும் கேட்டுவிடுங்கள்: பிறக்கப்போகும் பிள்ளையோடு தமிழில் பேசப்போவது யார்?