கடற்காற்று கழுவிவிடும் என்ற நம்பிக்கை

தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்தபடியாக நகர்மயமான மாவட்டம் எதுவென்று கேட்டால் பலரும் கோயம்புத்தூரைச் சொல்வர். 2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்போ கன்னியாகுமரியைச் சொல்கிறது. அம்மாவட்டத்தின் 18.7 இலட்சம் மக்களுள் நூற்றுக்கு 82 பேர் நகர்ப்புறத்தார். சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல் வாழ்கின்றனர். நாகர்கோவிலில் புறப்பட்டுத் தக்கலை, மார்த்தாண்டம் வழியாகக் களியக்காவிளை செல்பவருக்கு ஓர் ஊர் எங்கே முடிந்து மற்றோர் ஊர் எங்கே தொடங்கியது என்பது தெரிவதில்லை. ஆயினும் நாஞ்சில் நாடு என்றதும் நெல்வயலும் தாமரைக் குளமும் தென்னந்தோப்புமே நம் மனக்கண்ணில் எழுகின்றன. மலை பின்னிற்க, கடல் முன்னிற்க, காற்றுக்கு அங்கே என்ன குறை என்று ஆட்சியாளரும் மக்களும் ஒருசேர எண்ணி வந்திருக்கின்றனர்.

அவ்வெண்ணத்துக்கு அரசு ஆவணங்களும் துணைபோகின்றன. 2019-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் இந்திய அளவில் ஏறத்தாழ 130 நகரங்கள் உள்ளன. தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றவை சென்னை, மதுரை, திருச்சிராப்பள்ளி, தூத்துக்குடி ஆகிய நான்கு மட்டுமே. அதே ஆண்டில் மாநகராட்சியாக உயர்ந்த நாகர்கோவில் அதில் இல்லை. இதைக் கண்டு மகிழ்வதற்கில்லை. ஆண்டுக் கணக்கில் காற்றை அளந்து, வரம்பை மீறியவை என்று கண்ட ஊர்களைக் கொண்டே பெரும்பாலும் அப்பட்டியல் உருவானது. பட்டியலில் பெயர் இல்லாத ஊர் தேர்வில் வென்ற ஊராகிவிடாது. பல ஊர்கள் தேர்வையே எழுதவில்லை. வரம்பிலும் ஒரு வேறுபாடு உண்டு. 2.5 மைக்ரானுக்கு மேற்படாத நுண்துகள், ஆண்டுச் சராசரியாக ஒரு கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்கிறது நம் நாட்டு விதி. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வகுத்த அளவு 5. நுரையீரலின் ஆழம்வரை சென்று குருதியிலும் கலக்கும் அத்துகள், மூச்சுநோயோடு நில்லாமல் மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் வழிகோலுகிறது.

நாகர்கோவிலில் காற்றைப் பற்றிய பேச்சை வலம்புரிவிளையிலிருந்து தொடங்குவதே முறை. பன்னெடுங்காலமாக நகரின் கழிவைச் சுமந்துவரும் கிடங்கு அது. அங்கே தீப்பற்றுவதும், தீயணைப்பு வண்டிகள் விரைவதும், சுற்றுவட்டார மக்கள் கதவடைத்து இருமுவதும் பலமுறை நிகழ்ந்து, செய்தியாகி, மறக்கப்பட்டவை. யாரோ தீ வைத்தார்கள் என்பது வழக்கமான விளக்கம். வைத்திருக்கலாம். ஆனால் பிளாஸ்டிக்கும் துணியும் டயரும் காய்கறிக் கழிவும் ஒன்றாய்க் குவிந்த மேடு, தானே எரிபொருளைச் சமைத்துக்கொள்கிறது. அடியில் காற்றுப் புகாமல் அழுகும் ஈரக்கழிவு வெப்பத்தையும் மீத்தேனையும் உண்டாக்க, கோடையில் ஒரு பொறி போதுமானதாகிவிடுகிறது. மேலே நீரைப் பாய்ச்சினால் சுடர் அடங்கும். உள்ளே கனல் நாட்கணக்கில் புகைந்துகொண்டிருக்கும். இரவில் காற்று ஓய்ந்து நிலம் குளிரும்போது அப்புகை மேலெழாமல் தெருக்களில் படியும். கொச்சி பிரம்மபுரம் குப்பைக் கிடங்கில் 2023 மார்ச்சில் மூண்ட தீ பத்து நாட்களுக்கு மேல் புகைந்ததையும், தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அந்நகர மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் அபராதம் விதித்ததையும் குமரி மக்கள் அண்டை வீட்டுச் செய்தியாகவே படித்தனர். அளவில் வலம்புரிவிளை சிறிது. தீ மூளும் காரணம் இரண்டிலும் ஒன்றே.

மீத்தேன், இருபதாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல ஏறத்தாழ 80 மடங்கு புவியைச் சூடேற்றுவது. எரியும்போது எழும் கரித்துகளோ வெயிலை உறிஞ்சி வளிமண்டலத்தை வெப்பமாக்குவது. அதுவே மனிதர் மூச்சிலும் புகுகிறது. ஒரே மேடு நுரையீரலையும் பருவநிலையையும் ஒருங்கே கெடுக்கிறது. தமிழ்நாட்டில் பிறந்த வளிமண்டல அறிஞர் வீரபத்ரன் இராமநாதன் முதலானோர் 1999-இல் இந்தியப் பெருங்கடலின் மேல் நடத்திய ஆய்வு, வறண்ட பருவத்தில் தெற்காசியப் புகை பழுப்புப் படலமாய்க் கடலின்மேல் நெடுந்தொலைவு பரவிக் கிடந்ததைக் காட்டியது. கடற்காற்று கழுவிவிடும் என்ற நம் நம்பிக்கைக்கு அந்த ஆய்விலேயே விடை இருக்கிறது. 2011-இல் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டமும் உலக வானிலை அமைப்பும் கரித்துகளையும் மீத்தேனையும் குறைக்க 16 வழிகளை எடுத்துரைத்தன. நகரக் கழிவைப் பிரித்தாளுதல், செங்கல் சூளையைத் திருத்துதல், டீசல் புகையை வடிகட்டுதல், விறகடுப்பை மாற்றுதல் யாவும் அவற்றுள் அடக்கம். குமரி மாவட்டத்தைச் சுற்றிப் பார்த்து எழுதியதுபோலவே அது தோன்றுகிறது.

டீசலைப் பற்றிச் சொல்லவேண்டும். மக்கள் டாரஸ் என்று அழைக்கும் பெரும் லாரிகள் பாறையும் ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிக்கொண்டு கேரளத்துக்கு அணிவகுப்பது இம்மாவட்டத்தின் அன்றாடக் காட்சி. மலை அழிவதும் சாலை நொறுங்குவதும் உயிர்கள் பலியாவதும் உரக்கப் பேசப்படுகின்றன, பேசப்படவேண்டியவையே. அவ்வண்டிகள் விட்டுச்செல்லும் கரியும் தூசியும் மட்டும் எவர் கணக்கிலும் ஏறுவதில்லை. சுமைமீது தார்ப்பாய் மூடியிருக்கிறதா என்று பார்க்க அறிவியல் கருவி எதுவும் வேண்டியதில்லை.

தூய காற்று, பருவநிலை, மக்கள் நலம் ஆகிய மூன்றும் எப்போதும் ஒரே திசையில் நடப்பதில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் புகும் காற்றை 1980-களிலிருந்து மின்சாரமாக்கி வரும் முப்பந்தல் காற்றாலைப் பண்ணை, ஏறத்தாழ 1,500 மெகாவாட் திறனுடையது. உலகப் பருவநிலைக்கு இம்மாவட்டத்தைச் சுற்றியுள்ள நிலம் செய்யும் தொண்டு சிறிதன்று. அந்த மின்சாரம் தொலைவில் எரியும் நிலக்கரியைத்தான் குறைக்கும். நாகர்கோவில் வடசேரிப் பேருந்து நிலையத்தின் புகையைக் குறைக்காது. இரவிலும் வீசும் அக்காற்றைக் கொண்டு இராணித்தோட்டம் பணிமனையில் மின்பேருந்துகளுக்கு மின்னேற்றினால், இரண்டு நோக்கமும் அங்கே கைகூடும்.

விறகின் கதை வேறு. மரம் மீண்டும் வளரும், ஆகவே விறகு பருவநிலைக்குப் பகையன்று என்பது ஒரு கணக்கு. செங்கல் சூளையின் வாயிலில் நிற்பவருக்கும், முந்திரிக் கொட்டை வறுக்கும் புகையில் வேலை செய்யும் பெண்ணுக்கும் அக்கணக்கு ஆறுதல் தராது. பருவநிலைக் கணக்கும் மக்கள் நலமும் மோதும் இடத்தில் மூச்சுக்கே முதலிடம் தரவேண்டும் என்பது நம் கருத்து. அதன் பொருட்டு ஆலைகளைப் பூட்டுவது எளிய வழி. கொடிய வழியும் அதுவே. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் அடுப்பு அவ்வாலைகளால் எரிகிறது. சூளைகளைத் திருந்திய அமைப்புக்கு மாற்ற நடுவண் அரசு 2022-இல் ஆணை பிறப்பித்தது. ஆணையுடன் கடனுதவியும் வந்தாலன்றிச் சிறு முதலாளி மாறப்போவதில்லை.

பணத்தை எங்கே இடுவது என்பதில் பிற நகரங்களின் பட்டறிவு பயன்படும். தூய காற்றுத் திட்டத்தில் செலவான தொகையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சாலைத் தூசியை அடக்குவதற்கே போனதென்று தில்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2024-இல் கணக்குக் காட்டியது. பெருக்கும் இயந்திரம் கண்ணுக்குத் தெரியும், திறப்பு விழாவுக்கும் உதவும். புகை எழுமிடத்தில் கைவைப்பது அத்தனை கவர்ச்சியானதன்று. வீட்டு வாசலில் ஈரக்கழிவைப் பிரித்து வாங்கும் தூய்மைப் பணியாளருக்குக் கையுறையும் உரிய ஊதியமும் தருவது, பிரித்ததை ஒரே வண்டியில் மீண்டும் கலக்காமலிருப்பது, நுண்ணுயிர் உரக்கூடங்களை ஆண்டு முழுதும் இயக்குவது ஆகிய பெயரில்லாப் பணிகளே கிடங்கின் நெருப்பை அணைப்பவை. திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாயும், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாயும் அபராதம் என்று 2016-இல் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. தனியொருவர் எரித்தால் தண்டம், கிடங்கு எரிந்தால் விபத்து என்று அவ்விதியை வளைக்கலாகாது.

காசநோய்க்கு நல்ல காற்றே பெரிய மருந்தாயிருந்த நாளில், நாகர்கோவிலை அடுத்த ஆசாரிபள்ளம் காசநோய் மருத்துவமனைக்குப் பெயர்பெற்றிருந்தது. இன்று அங்கே அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. மூச்சுத்திணறலோடு அங்கு வருவோரின் பதிவேடு சுகாதாரத் துறையிடம் இருக்கிறது, புகையின் அளவு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குரியது, குப்பை மாநகராட்சியுடையது, பருவநிலை இயக்கம் மாவட்ட ஆட்சியரின் பொறுப்பு. இந்நான்கு கோப்புகளும் ஒரே மேசையில் சந்திக்கவேண்டும், அந்த மேசை ஆட்சியருடையதாக இருக்கவேண்டும். கிடங்கு புகையும் வாரத்தில் எத்தனை பேர் மூச்சுக்குத் தவித்து வந்தனர், அவ்வாரம் காற்றில் நுண்துகள் எவ்வளவு என்ற இரண்டு எண்களையும் அருகருகே வைத்து வெளியிடுவது முதல் வேலை. வலம்புரிவிளை, வடசேரி, மார்த்தாண்டம், களியக்காவிளை என நான்கு இடங்களில் இடைவிடாது அளக்க ஏற்பாடு செய்து, அளவை நாள்தோறும் மக்கள் பார்வைக்கு வைப்பது அடுத்தது. மாசி பிறக்கும் முன் இவை நடந்தால், வரும் கோடையிலேயே பயன் தெரியும்.