வலைக்கு ஒட்டுப் போடலாம், கம்ப்யூட்டருக்குப் போடக் கூடாதா?

"ரெண்டு கம்பெனி ராமை ஒண்ணா மாட்டினா போர்டு எரிஞ்சிடும்." இந்த வசனத்தை இதுவரைக்கும் எத்தனை பேர் வாயில கேட்டிருப்பேன்னு கணக்கே இல்லை. (படிக்கிறது பி.காம்!) போன வாரம் எங்க குப்பத்துல இன்னொரு பையனுக்கும் யாரோ இதையே சொல்லி, ஓடிக்கிட்டிருந்த மெஷினை எடைக்குப் போடப் பார்த்தான். அதான் எழுத உட்கார்ந்துட்டேன்.

முதல்ல எங்க வீட்டு மெஷின் கதை. அம்மா வேலை பார்க்கிற ஆபீஸ்ல கழிச்சுக் கட்டினது. எச்61 போர்டு, ஐ3-2100 பிராசஸர், 2 ஜிபி ராம். 2011 சரக்கு. ஷேர் ஆட்டோவுல மடியில வச்சுக் கொண்டு வந்தாங்க. எனக்கு டாலியும் எக்ஸெலும், தங்கச்சிக்கு பிளஸ் டூ பாடம், மிச்ச நேரத்துல அக்கம்பக்கத்துக்காரங்களோட ஆன்லைன் விண்ணப்பம். ஒரு நாள் ராத்திரி, ஸ்காலர்ஷிப்புக்குக் கடைசி நாள். தங்கச்சியோட ஃபிரண்டு சர்டிபிகேட்டை எல்லாம் கையில பிடிச்சுக்கிட்டு பக்கத்துல நிக்கிறா. பிரவுசர்ல மூணாவது டேப் திறந்ததும் மெஷின் அப்படியே உறைஞ்சு போச்சு. மவுஸ் நகரலை. ஹார்ட் டிஸ்க் மட்டும் கரகரன்னு அரைக்குது. பதினொன்றரைக்கு மேல வேற ஒருத்தர் மொபைல்ல முடிச்சோம். அந்தப் பொண்ணு முகத்தைப் பார்க்க எனக்கு வெக்கமா இருந்துச்சு.

மறுநாள் ஒரு கடையில கேட்டேன். "தம்பி, இது பழசு. புதுசு வாங்கிக்கோங்க. ராம்தான் போடணும்னா உள்ள இருக்கிறதைத் தூக்கிட்டு ஒரே கம்பெனியில ஜோடியா வாங்குங்க, மிக்ஸ் பண்ணக் கூடாது"ன்னார். அண்ணே, அதுக்குக் காசிருந்தா நான் ஏன் இங்க நிக்கிறேன்?

வீட்டுக்கு வந்து அப்பாகிட்டப் புலம்பினேன். அவர் வலை தைச்சுக்கிட்டே, "கண்ணி ஒண்ணா இருந்தா சரி, நூலு எந்தக் கடையில வாங்கினா என்ன?"ன்னார். ராமுக்கும் கிட்டத்தட்ட இதுதான் விதின்னு படிக்கப் படிக்கத் தெரிஞ்சுது.

கண்ணிங்கிறது இங்க தலைமுறை. டிடிஆர்3 போர்டுல டிடிஆர்3 மட்டும்தான். டிடிஆர்3க்கு 240 பின், 1.5 வோல்ட். டிடிஆர்4க்கு 288 பின், 1.2 வோல்ட். நடுவுல வெட்டியிருக்கிற பள்ளமும் வேற இடத்துல இருக்கும், அதனால தப்பா மாட்டணும்னு நினைச்சாலும் உள்ள போகாது. (பலம் கொண்ட மட்டும் அமுக்குற ஆட்களை நான் கணக்குல எடுக்கலை.)

நூல்ங்கிறது கம்பெனியும் ஸ்பீடும். ஸ்டிக்கர்ல என்ன பேர் இருந்தாலும், அடியில இருக்கிற சில்லு பெரும்பாலும் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் மூணுல ஒண்ணோடதுதான். 1333 ஒண்ணும் 1600 ஒண்ணும் மாட்டினா ரெண்டும் 1333லதான் ஓடும், அவ்வளவுதான். எதுவும் எரியாது. என் ஐ3-2100க்கு இன்டெல் சொல்ற உச்சமே 1333தான். அதனால 1600க்கு அதிகமா கொடுக்கிற ஒவ்வொரு ரூபாயும் தண்டம். அளவு வேறயா இருந்தாலும் பாதகமில்லை. 2ம் 4ம் போட்டா, முதல் 2+2 ரெட்டை சேனல்ல ஓடும், மிச்ச 2 ஒத்தை சேனல்ல ஓடும்.

"அப்போ ஸ்பீடு குறையுதே?"ன்னு கேட்பீங்க. குறையும்தான், ஆனா எதோட ஒப்பிட்டு? ராம் பத்தலைன்னா விண்டோஸ் மிச்சத்தை ஹார்ட் டிஸ்க்ல இறக்கி வைக்கும். ராம்ல ஒரு விஷயத்தை எடுக்க ஆகுற நேரம் நானோ செகண்ட் கணக்கு, சுத்துற டிஸ்க்ல மில்லி செகண்ட் கணக்கு. ஆயிரக்கணக்கான மடங்கு வித்தியாசம். ஜோடி சேராத ராமால போறது சில்லறை. ராம் இல்லாததால போறது மொத்த முதல். எங்க எகனாமிக்ஸ் பாடத்துல வர்ற இறுதிநிலைப் பயன்பாடும் இதுதான்: எனக்கு 2 ஜிபி 6 ஆனா வாழ்க்கையே மாறும், 6 ஜிபி 16 ஆனா ஒண்ணும் மாறாது.

அதனால பறக்கும் ரயில் ஏறி சிந்தாதிரிப்பேட்டைல இறங்கினேன். எங்க ஊர்க்காரங்களுக்கு அந்தப் பேட்டைன்னா மீன் மார்க்கெட், எனக்கு ரிச்சி ஸ்ட்ரீட். பழைய 4 ஜிபி டிடிஆர்3 ஒண்ணு, 450 ரூபாய், ஒரு வாரம் மாத்தித் தர்றேன்னு வாய்வார்த்தை.

மாட்டினேன். 6 ஜிபின்னு காட்டுது, பக்கத்துலயே பயன்படுத்தக்கூடியது 3 சொச்சம்னும் காட்டுது! ராம் மேல தப்பில்லை. உள்ள இருந்தது 32 பிட் விண்டோஸ், அது 4 ஜிபிக்கு மேல பார்க்காது. 64 பிட் போட்டதும் சரியாச்சு. இதை முன்னாடியே யாராவது சொல்லியிருந்தா ஒரு ராத்திரித் தூக்கம் மிச்சம்.

பழைய ராம் வாங்குறவங்க ஏமாறுற இடம் வேற. ஏஎம்டி போர்டுக்கு மட்டும்னு ஒரு டிடிஆர்3 ரகம் மலிவா வருது, அது இன்டெல் போர்டுல ஓடாது. சர்வர்ல கழட்டின ரிஜிஸ்டர்டு ராமும் மலிவு, நம்ம வீட்டு போர்டுல ஓடாது. இன்னும் பழைய ஜி41 போர்டா இருந்தா, 4 ஜிபி ராம்ல ரெண்டு பக்கமும் எட்டெட்டா பதினாறு சில்லு இருக்கணும், எட்டே சில்லு இருந்தா ஒத்துவராது. கடைக்காரங்க 'மிக்ஸ் பண்ணி வீணாப் போச்சு'ன்னு சொல்ற பாதிக்கதை இப்படித்தான் இருக்கும்னு என் சந்தேகம். வாங்கின அன்னைக்கு ராத்திரியே மெம்டெஸ்ட் ஓட விடுங்க. சிவப்புக் கோடு ஒண்ணு வந்தாலும் காலைல திருப்பிக் கொடுத்துடுங்க. "எப்பவாவதுதானே தப்பு வருது"ன்னு வச்சுக்கிட்டீங்கன்னா, ஒரு நாள் எக்ஸெல் ஃபைல் கெட்டுப் போய் நிக்கும்.

கடலோரம் இருக்கிறவங்களுக்கு இன்னொண்ணு. மெஷின் திடீர்னு பீப் பீப்னு கத்தி, திரையில ஒண்ணும் வரலைன்னா உடனே போர்டு போச்சுன்னு நம்பாதீங்க. உப்புக்காத்துல ராமோட தங்க நிறப் பட்டையில அழுக்குப் படியும். கரண்ட் ஒயரைப் பிடுங்கிட்டு, கேபினட் இரும்பை ஒரு தடவை தொட்டுட்டு, ராமை எடுத்துப் பட்டையை ரப்பரால மெதுவா அழிச்சு, தூளைத் துடைச்சு மாட்டுங்க. வாயால ஊதாதீங்க, எச்சில் போகும். மேல சொன்ன பையனோட மெஷினுக்கு வந்த நோயும் இதுதான். அஞ்சு ரூபாய் ரப்பர்ல சரியாச்சு.

டிடிஆர்5 வச்சு கேம் ஆடுறவங்க ஜோடியாவே வாங்கட்டும். அங்க ஸ்பீடு ரொம்ப அதிகம், நாலு ஸ்லாட்டையும் நிரப்பினாலே வேகம் இறங்கும். அவங்களுக்கு அந்த அறிவுரை சரி. அதையே கொண்டு வந்து ஐ3 வச்சிருக்கிறவன் தலையில கட்டுறதுதான் எனக்குக் கோபம். அதுவும் இந்த நேரத்துல. 2025 கடைசியிலிருந்து ராம் விலை எகிறினது உங்களுக்கே தெரியும். ஏஐ சர்வருக்கு வேண்டிய மெமரியில லாபம் அதிகம்னு கம்பெனிகள் எல்லாம் அந்தப் பக்கம் போயிட்டாங்க. மைக்ரான், கடைகள்ல விற்கிற தன்னோட க்ரூசியல் ராம் வியாபாரத்தை மூடப் போறதா 2025 டிசம்பர்ல அறிவிச்சே விட்டது. புதுசு கைக்கு எட்டாம போற நேரத்துல, இருக்கிறதோட இன்னொண்ணைச் சேர்த்து ஓட்டாதேன்னு சொன்னா, கம்ப்யூட்டரே வச்சுக்காதேன்னு சொல்ற மாதிரிதான் எங்களுக்குக் கேட்குது.

2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு இலவச ஆதரவு முடிஞ்சுது, 11 இந்த மெஷின்ல முறைப்படி ஏறாது. அதனால இப்ப லினக்ஸ் மிண்ட் ஓடுது. டாலிக்கு மட்டும் பழைய விண்டோஸை நெட் கொடுக்காம ஒரு ஓரத்துல வச்சிருக்கேன். பழைய 2 ஜிபியைக் கழட்டி இன்னொரு 4 போடலாமான்னு ஒரு யோசனை. தங்கச்சி வேண்டாங்கிறா. அந்தக் காசுக்கு அவளுக்கு ஹெட்போன் வேணுமாம்.